தொண்ணூற்று நான்கில் நின்ற கோடு

இன்னொரு தடவை அமுக்காதீர்கள் அக்கா. அந்த வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது இல்லையா, அது சுற்றி முடிக்கட்டும். மறுபடி அமுக்கினால் அதே போட்டோ உங்கள் மகளுக்கு இரண்டு தடவை போகும், அவ்வளவுதான். சூலூர் தாண்டினால் சிக்னல் வந்துவிடும். இதில் என்ன தொந்தரவு, எனக்குத் தெரிந்ததால் சொன்னேன். என் வேலையே அதுதான். அந்த வட்டம்தான்.

சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். வட்டம், கோடு, புள்ளி. போனில் எதையாவது அமுக்கிவிட்டு நீங்கள் காத்திருக்கும்போது ஏதோ ஒன்று அசைகிறது பாருங்கள், அதை யாரோ ஒருத்தர் உட்கார்ந்து வரைந்து, இவ்வளவு வேகத்தில் அசை என்று எழுதிவைக்க வேண்டும். தானாக அசையாது. எங்கள் அம்மாவுக்கு இதைப் புரியவைக்கவே முடியவில்லை. "கம்ப்யூட்டர்ல இருக்கா" என்று கோயிலில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

அம்மா வீட்டுக்குத்தான் போகிறேன், திண்டுக்கல்லுக்கு. நீங்கள் எங்கே? பல்லடமா.

பல்லடத்திலேயேவா, பக்கத்தில் ஏதாவது ஊரா? ஒன்றுமில்லை, சும்மா கேட்டேன். இந்த பஸ் பல்லடம் வழியாகப் போகும் என்று நான் யோசிக்கவே இல்லை. எப்போதும் உக்கடத்தில் ஏறிப் பழனி வழியாகப் போய்விடுவேன். இன்றைக்குக் குழந்தையோடு சிங்காநல்லூரில் வந்து நின்றேன், திண்டுக்கல் என்று போர்டைப் பார்த்தேன், ஏறிவிட்டேன். கண்டக்டர் "சூலூர், பல்லடம், தாராபுரம்" என்று கத்தும்போதுதான் தெரிந்தது. அங்கே ரொம்ப நேரம் நிறுத்துவார்களா? பத்து நிமிஷமா. சரி.

ஆக்னஸ். ஒன்பது மாதம் முடிந்து பத்து. இல்லை, இறுக்கிப் பிடிக்கவில்லை, அவளுக்கு இப்படிப் பிடித்தால்தான் தூக்கம் வரும். மூச்சு விடுகிறாளா என்றுதான் அடிக்கடி கையை வைத்துப் பார்க்கிறேன். முன்னாலெல்லாம் இப்படி இல்லை. இந்த ஒரு மாதமாகத்தான்.

சொல்லட்டுமா? நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது, பல்லடத்தில் இறங்கிப் போய்விடுவீர்கள். அதனால் சொல்லலாம் போலிருக்கிறது. பல்லடத்தில் ஒரு சின்னப் பெண் இருக்கிறாள். பத்து வயது. அவளிடம் நான் ஒரு பொய் சொல்லிவிட்டேன். பொய் என்றால் முழுப் பொய் என்று சொல்ல முடியாது. சொல்லச் சொன்னதைச் சொன்னேன்.

எங்கள் கம்பெனி சரவணம்பட்டியில் இருக்கிறது. பெயர் வேண்டாம். ஆம்புலன்ஸ் கூப்பிடுகிற ஆப் நடத்துகிறோம். நாலைந்து தனியார் ஆஸ்பத்திரிகளோடு சேர்ந்து அறுபது எழுபது வண்டிகள், கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மூன்று மாவட்டத்துக்கும். நீங்கள் போனில் அமுக்கினால் பக்கத்தில் இருக்கிற வண்டிக்காரர்களுக்குத் தகவல் போகும். அவர்களில் ஒருத்தர் 'வருகிறேன்' என்று அமுக்கினால் வண்டி கிளம்பும். கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? நிறைய உயிரைக் காப்பாற்றியிருக்கிறோம். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

முதலில் வெறும் வட்டம்தான் இருந்தது, உங்கள் போனில் சுற்றியதே, அது மாதிரி. வீட்டில் ஒருத்தர் விழுந்து கிடக்கும்போது அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு யாரால் உட்கார முடியும்? மறுபடி அமுக்குவார்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு வண்டி போய் நிற்கும். அதுவும் இல்லையென்றால் எங்கள் ஆபீசுக்குப் போன். கால் எடுக்கிற பெண்கள் ஆறு பேர், ஆறு பேருக்கும் தொண்டை கட்டியே கிடக்கும். ஒரு நாளைக்கு நானூறு கால், எல்லாம் ஒரே கேள்வி. "வண்டி எங்கங்க வருது?"

நான் பிரசவ லீவு முடிந்து திரும்பிய வாரம் விஷ்ணுராம் சார் கூப்பிட்டார். அவர்தான் எங்களுக்கு மேனேஜர். நல்ல மனுஷர் அக்கா, வீட்டிலிருந்தே மூன்று நாள் வேலை பார்த்துக்கொள் என்று அவராகவே சொன்னவர். அவர் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. ஜனங்கள் வண்டி வரவில்லையே என்று தவிப்பதில்லை, ஒன்றும் தெரியவில்லையே என்றுதான் தவிக்கிறார்கள், அவர்களுக்கு எதையாவது காட்டு என்றார். ஒரு கோடு. ஜீரோவிலிருந்து நூறு வரை நிரம்புகிற கோடு.

நான் கேட்டேன் அக்கா. இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான் கேட்டேன். "சார், வண்டி எங்க இருக்குன்னே நமக்குப் பல நேரம் தெரியாது. டிரைவருங்க போனை ஆஃப் பண்ணிடறாங்க, சிக்னல் இருக்கறதில்ல. கோடு எதைப் பார்த்து நகரும்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "அதை எதுக்குப் பார்க்கணும்? கடியாரத்தைப் பார்த்து நகரட்டும். நம்ம சராசரி பதினெட்டு நிமிஷம். பதினெட்டு நிமிஷத்துல தொண்ணூறுக்குக் கொண்டு போ. அதுக்கப்புறம் ஊர்ந்துட்டு இருக்கட்டும். வண்டி வந்து நின்னப்புறம் நூறு."

எல்லா இடத்திலும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் ஒன்றும் பயப்பட வேண்டாம், உங்கள் போட்டோ போவதெல்லாம் நிஜக் கணக்குதான்.

நான் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்ய மாட்டேன். கான்வென்ட்டில் படித்தவள். முதல் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே பள்ளிக்கூடம், ஏழு வருஷம் நல்லொழுக்கப் பரிசு வாங்கியிருக்கிறேன். நோட்டில் மார்ஜின் கோணினால் சிஸ்டர் பிலோமி பக்கத்தையே கிழித்துவிடுவார்கள். அந்தக் கோட்டை அப்படிச் செய்தேன். சிவப்பு வேண்டாம், ரத்தம் மாதிரி இருக்கும் என்று பச்சை வைத்தேன், இளநீர்க் காய் பச்சை. ஒரே வேகத்தில் போனால் மெஷின் என்று தெரிந்துவிடும். அதனால் முதல் இரண்டு நிமிஷம் கொஞ்சம் வேகமாக, அப்புறம் நிதானமாக, நடுநடுவே சின்னத் தயக்கம், சிக்னலில் வண்டி நின்று கிளம்புகிற மாதிரி. அந்தத் தயக்கத்தை யாரும் கேட்கவில்லை, நானாக வைத்தேன். ஆக்னஸ் அப்போது பால் குடித்துக்கொண்டே தூங்குவாள், மடியில் அவள், அந்தப் பக்கம் லேப்டாப்.

கோட்டுக்குக் கீழே வார்த்தை வேண்டும். எங்கள் ஆபீசில் முன்னால் ஒரு பையன் "உங்கள் சவாரி செயல்முறையில் உள்ளது" என்று எழுதிவைத்திருந்தான். நெஞ்சு வலியில் கிடக்கிறவருக்குச் சவாரியாம். நான் அதையெல்லாம் தூக்கிவிட்டு, பாதி தாண்டியதும் "உதவி நெருங்குகிறது, தைரியமாக இருங்கள்" என்று போட்டேன். கால் எடுக்கிற பெண்களில் ஒருத்தி, மேரி சுகந்தி, அதைப் படித்துவிட்டு, "எனக்கே ஆறுதலா இருக்கு பிரிஸ்கா" என்றாள். கோடு பெரிதாக வர இடம் வேண்டுமே, அங்கேதான் ஆபீஸ் போன் நம்பர் இருந்தது. அதை எடுத்து மூலையில் மெனுவுக்குள் வைத்தோம். எடுக்கவில்லை, உள்ளே வைத்தோம். தேடினால் கிடைக்கும்.

இப்போது சொல்லப்போவதை நான் ஜெரால்டிடம்கூடச் சொல்லவில்லை. ஜெரால்டு என் வீட்டுக்காரர்.

அந்தக் கோட்டுக்குள் நான் இன்னொன்றும் எழுதியிருந்தேன். மூன்று நிமிஷத்தில் எந்த வண்டிக்காரரும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கோடு நின்றுவிட வேண்டும், 'வண்டி கிடைக்கவில்லை' என்று வர வேண்டும், போன் நம்பர் பெரிதாக வர வேண்டும். யாரும் சொல்லி எழுதவில்லை. என் மனசுக்குப் பட்டது, எழுதினேன். நான் கல்நெஞ்சுக்காரி இல்லை அக்கா.

ஆஸ்பத்திரி முதலாளிகள் ஆப்பைப் பார்க்க வருகிறார்கள் என்று ஒரு புதன்கிழமை. பதினொன்றுக்கு வருகிறார்கள், பத்தரைக்கு நாங்கள் ஓட்டிப் பார்க்கிறோம். ஆபீசுக்குள் இருந்து அமுக்கினால் எந்த வண்டிக்காரர் ஒத்துக்கொள்வார்? கோடு முப்பத்தொன்றில் போய் நின்று, 'வண்டி கிடைக்கவில்லை' என்று காட்டியது. விஷ்ணுராம் சார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "இன்னைக்கு மட்டும் அதை எடுத்துடு" என்றார். எழுதியதை அழிக்க வேண்டியதில்லை அக்கா. வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டால் போதும், மெஷின் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். வரி அங்கேயேதான் இருக்கும். நாம் கண்ணால் படிக்கலாம், அது மட்டும் படிக்காது. போட்டேன். மத்தியானம் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

பன்னிரண்டு மணிக்குக் குழந்தை விடுகிற இடத்திலிருந்து போன். ஆக்னஸுக்கு ஜுரம், நூற்றிரண்டு. எதையும் மூடாமல் ஓடினேன். அந்த வாரம் முழுக்க ஜுரம். வெள்ளிக்கிழமை அவர்கள் அந்தக் கோட்டை எல்லோருடைய போனுக்கும் அனுப்பிவிட்டார்கள். இரண்டு சாய்கோடோடு.

நான் அழிக்கவில்லை. அதைத்தான் சொல்கிறேன், அழிக்கவே இல்லை.

திங்கட்கிழமை வந்ததும் ஞாபகம் வந்ததா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்வேன். வந்தது. ஆனால் அன்றைக்கு எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். நானூறு கால் வந்த இடத்தில் இருநூறு. அடுத்த வாரம் நூற்றைம்பது. அந்த வரியைத் திரும்பக் கொண்டுவந்தால் கோடு அங்கங்கே நிற்கும், கால் மறுபடி ஏறும், ஏன் ஏறியது என்று என்னைத்தான் கேட்பார்கள். அடுத்த தடவை அனுப்பும்போது சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு சின்னக் குறிப்பு எழுதி மானிட்டரில் ஒட்டிவைத்தேன். மஞ்சள் தாள். ஆக்னஸுக்குத் தடுப்பூசி போடுகிற தேதியும் அதிலேயே எழுதியிருந்தேன்.

கேக் வெட்டினார்கள். "பச்சைக்கோடு பிரிஸ்கா" என்று பேரே வைத்துவிட்டார்கள். நானும் குழந்தையும் கத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற போட்டோவைக் கம்பெனி ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டார்கள், என் முழுப் பெயரோடு. நானூறு, நூற்றைம்பது என்று பெரிய எழுத்தில். ஜெரால்டு அதை எத்தனை பேருக்கு அனுப்பினார் தெரியுமா?

இது சூலூரா? உங்கள் போட்டோ போய்விட்டதா பாருங்கள். போய்விட்டதா. நல்லது.

அப்புறம் ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை. பல்லடத்தில் ஒரு வீடு. முன்பக்கம் தறி, பின்பக்கம் குடித்தனம். அவர் பெயர் மோகனசுந்தரம், முப்பத்தெட்டு வயது. தறி ஓட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி சத்யபாமா. பெண் கனிஷ்கா. பள்ளிக்கூடத்தில் யாரோ வந்து ஆபத்து நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்களாம், அப்போது எங்கள் ஆப்பை அம்மா போனில் ஏற்றி வைத்திருக்கிறாள். அவள்தான் அமுக்கினாள். பத்து மணி ஏழு நிமிஷம். அதை நான் ஆபீசில் பார்த்தேன், வீட்டில் நடந்ததெல்லாம் அவர்கள் ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொன்னது. பல்லடத்தில் எங்களுக்கு இரண்டு வண்டி. ஒன்று வேறு ஆளை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. இன்னொரு டிரைவர் போனை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. யாருமே.

கோடு மட்டும் போனது.

வாசலில் நூல் மூட்டை இறக்கிவிட்டு ஒரு குட்டியானை வண்டி நின்றிருக்கிறது. அந்த வண்டிக்காரர், படுக்க வையுங்கள் நான் கொண்டுபோகிறேன் என்றிருக்கிறார். அந்தப் பெண்தான் போனைக் காட்டி, "மாமா, அறுபது வந்துருச்சு, ஆக்சிஜன் எல்லாம் இருக்கிற வண்டி வருது, உதவி நெருங்குதுன்னு போட்டிருக்கு பாருங்க" என்றிருக்கிறாள். மூட்டை வண்டியில் குலுங்கிக்கொண்டு போவதற்கு ஆக்சிஜன் வண்டி நல்லதுதானே? யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். சத்யபாமாவும் அப்படித்தான் நினைத்தார்கள். குட்டியானை போய்விட்டது. எழுபது, எண்பது என்று இவள் சத்தமாகப் படித்துக்கொண்டே இருந்திருக்கிறாள், அப்பா காதில் விழட்டும் என்று. தொண்ணூற்று நான்கு வரைக்கும் படித்தாள். முப்பத்தொரு நிமிஷம் ஆகியிருந்தது. அப்புறம் யாரோ ஓடிப் போய் ஆட்டோ பிடித்து வந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே டாக்டர் பார்த்துவிட்டு, உள்ளே கொண்டுபோக வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்.

எனக்குத் தெரிந்த அன்றைக்கே நான் அந்த இரண்டு சாய்கோட்டையும் எடுத்துவிட்டேன். இப்போது சரியாக நிற்கிறது. யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

ஜெரால்டிடம் மேலோட்டமாகத்தான் சொன்னேன். "நீ டிரைவரா, டாக்டரா? வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சவ. வீடு இடிஞ்சா பெயின்டரையா பிடிப்பாங்க?" என்றார். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஆனால் அன்றைக்கே எங்கள் ஆப்பை என் போனிலிருந்து எடுத்துவிட்டேன். ஆக்னஸுக்கு ஏதாவது என்றால் கூப்பிட எதிர் வீட்டுக்காரர் கார் நம்பரை எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். அம்மா என்றால் அப்படித்தானே இருக்க முடியும்?

ஆபீசில் ஒரு தாள் கொடுத்தார்கள். அந்தக் கோடு திட்டமிட்டபடி சரியாக வேலை செய்தது, அதைச் செய்தவள் நான், எனக்குத் தெரிந்து அதில் பிழை இல்லை என்று. கையெழுத்துப் போட்டேன். வக்கீலோ, சொந்தக்காரரோ யார் வந்து கேட்டாலும், "கோடு சரியாக வேலை செய்தது" என்று மட்டும் சொல்ல வேண்டும், வேறு ஒரு வார்த்தை வேண்டாம் என்று விஷ்ணுராம் சார் இரண்டு தடவை சொல்லவைத்துப் பார்த்தார். ஞானோபதேச வகுப்பில் சொல்லவைக்கிற மாதிரி. எனக்கு மனப்பாடம் சுலபம்.

போன வியாழக்கிழமை பெல் அடித்தது. கூரியர் என்று நினைத்துத் திறந்துவிட்டேன். அம்மாவும் பெண்ணும். கேக் போட்டோவிலிருந்து என் பெயரைப் பிடித்து, எங்கெங்கோ விசாரித்துப் பல்லடத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்கள். சண்டை போடுவார்கள் என்று நினைத்து ஆக்னஸை இறுக்கிக்கொண்டேன். சத்யபாமா கையெடுத்துக் கும்பிட்டார்கள் அக்கா. என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர்கள். உள்ளே வரவில்லை. அந்தப் பெண்ணைப் படியில் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு என்னிடம் மெதுவாகப் பேசினார்கள்.

"நான் கேஸ் போட வரலைங்க. அந்தக் கோடு சும்மா ஓடறதுதானுங்கன்னு உங்க ஆபீசுல போன் எடுக்கற புள்ளை ஒருத்தி சொல்லிப்போட்டா. அதை எம்பட புள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். நடுவுல மாமனுக்குப் போன் பண்றதுக்கு இவ அந்தக் கோட்டைத் திரையில இருந்து கீழ தள்ளிட்டாளாமா. அதனாலதான் வண்டி நின்னு போச்சுங்கறா. நான் சொன்னா நம்பமாட்டேங்கறா. நகந்துச்சும்மா, நான் பார்த்தேன்ம்மாங்கறா. செஞ்சவிய சொன்னா நம்புவா. ஒரு மாசமா லைட்டு சுவிட்சுகூடப் போடறதில்லைங்க. எதையும் அமுக்கமாட்டேங்கறா."

அந்தப் பெண் அதற்குள் பக்கத்தில் வந்துவிட்டாள். ரெட்டைச் சடை. ஆக்னஸின் காலைப் பார்த்தாள், தொடலாமா என்று கேட்டாள். தொட்டாள். பெல்லை அவள் அம்மாதான் அடித்திருக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஆன்ட்டி, அந்தக் கோடு நெசமாத்தான் நகந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

எனக்கு என்ன ஆனதோ. அவளுக்குப் பின்னால் லிஃப்ட் கதவு, அதில் யாராவது ஒளிந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ என்று தோன்றியது. சத்யபாமா கையில் போன் இருந்தது, பதிவு செய்கிறார்களோ என்று தோன்றியது. வேலை போனால் வீட்டு லோன், ஆக்னஸ், எல்லாம் ஒரே நொடியில் தோன்றியது. மனப்பாடம் செய்தது தானாக வந்துவிட்டது.

"ஆமா பாப்பா. கோடு சரியாத்தான் வேலை செஞ்சுது."

அவள் அழவில்லை. கணக்குக்கு விடை சரியாக வந்துவிட்டது போலத் தலையை ஆட்டினாள். "அப்ப நான்தான்" என்றாள்.

சத்யபாமா என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்கள், லிஃப்டில்கூட ஏறாமல். மூன்று மாடி. நான் கதவைச் சாத்தாமல் நின்றுகொண்டே இருந்தேன். கூப்பிட வேண்டும் என்று இருந்தது. குழந்தை கையில் இருந்ததால் ஓட முடியவில்லை.

காரணம்பேட்டை தாண்டிவிட்டோமா? அதற்குள்ளா.

கான்வென்ட்டில் ஒரு தடவை மாதா சுரூபத்துக்கு முன்னால் இருந்த கண்ணாடி ஜாடி உடைந்துவிட்டது. யார் செய்தது என்று சிஸ்டர் பிலோமி எல்லோரையும் வெயிலில் நிற்கவைத்தார்கள். ஒரு மணி நேரம். ரோஸ்லின் என்ற பெண் கையைத் தூக்கினாள். ஏன் தூக்கினாள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. உடைத்தது நான். அந்த வருஷமும் நல்லொழுக்கப் பரிசு எனக்குத்தான் கிடைத்தது. அதை எதற்கு இப்போது சொல்கிறேன் என்று தெரியவில்லை. இந்த வழியில் வந்தால் ஏதேதோ வாயில் வருகிறது.

ஆபீசில் ஒரு வாரம் ஊருக்குப் போய் இரு, எல்லாம் ஆறிப்போகும் என்றார்கள். அதனால்தான் போகிறேன். ஆறிப்போய்விடும்தானே? குழந்தைகள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள். பள்ளிக்கூடம், சிநேகிதிகள். நீங்களே சொல்லுங்கள், பத்து வயதில் நடந்தது உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கிறது?

ஆக்னஸை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

நான் ஒன்று கேட்கட்டுமா அக்கா? தப்பாக நினைக்கக் கூடாது. நீங்கள் எப்படியும் பல்லடத்தில்தானே இறங்குகிறீர்கள். இந்தத் துண்டுச் சீட்டில் அவர்கள் வீட்டு விலாசம் இருக்கிறது. மனசு மாறினால் வாங்க என்று எழுதிச் சத்யபாமா வாசல் செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், அவர்கள் போன பிறகுதான் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான் போலிருக்கிறது, மாரியம்மன் கோயில் பின்னால் இருக்கிற சந்து. நீங்கள் போய் அந்தப் பெண்ணிடம் ஒரே ஒரு வரி சொன்னால் போதும். அந்தக் கோடு எதையும் பார்த்து நகரவில்லை, நீ கீழே தள்ளியதால் ஒன்றும் ஆகவில்லை என்று. செய்தவளே சொன்னாள் என்று சொல்லுங்கள். என் பெயர் வேண்டாம். பஸ்ஸில் பார்த்தேன், குழந்தையோடு ஒருத்தி, அழுதாள் என்றுகூடச் சொல்லுங்கள், பரவாயில்லை. நீங்கள் சொன்னால் நம்புவாள், உங்கள் முகம் அப்படி இருக்கிறது.

வாங்கிக்கொள்ளுங்கள். சும்மா ஒரு துண்டுத் தாள்தானே.

வந்துவிட்டதே. இறங்குகிறவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். பையை விட்டுவிடாதீர்கள், அது உங்களுடையதுதானே?

எதற்குக் கையை நீட்டுகிறீர்கள்? ஆக்னஸையா? இல்லை, வேண்டாம். உங்களுக்கு ஏன் சிரமம், கனப்பாள். நீங்கள் தூக்கிக்கொள்கிறீர்கள், நான் கூட வர வேண்டும், அந்தச் சந்து உங்களுக்குத் தெரியும், ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடலாம், அதுதானே சொல்கிறீர்கள்? அடுத்த திண்டுக்கல் பஸ் அரை மணி நேரத்தில் வரும் என்றும் சொல்கிறீர்கள். தெரிகிறது அக்கா. எனக்குத் தெரியாமல் இல்லை. கொஞ்சம் கையை எடுங்கள், அவள் விழித்துக்கொள்ளப் போகிறாள், எல்லோரும் பார்க்கிறார்கள்.

நான் திண்டுக்கல் வரைக்கும் டிக்கெட் எடுத்துவிட்டேன் அக்கா.